பாதிப் பாதி என்று சொன்ன உங்கள் மகனைப் பற்றி

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திவசத்துக்குப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதிக் கொடு என்று மாமா சொன்னார். குடும்ப விளக்கு, பாசத் தெய்வம் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு வரவில்லை. உங்களிடம் ஒருநாளும் நான் அப்படிப் பேசியதில்லையே. அதனால் அடுப்படியில் உங்களோடு பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். ஊர் படிக்கும், உங்கள் மகனும் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. உங்கள் மகன் நாளைக் காலை கொழும்புக்குப் போகிறார். ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் வேலையாம். தங்க இடம் தருவார்களாம், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாமாம். அவர் ஓட்டுகிற ஆட்டோவுக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது. உடுப்புப் பை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில்தான் போய் முட்டுகிறது.

ஏன் போகிறார் தெரியுமா? நான் அவரைவிடக் கூடச் சம்பாதிக்கிறேன் என்பதால். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்களா, தலையில் அடித்துக்கொள்வீர்களா?

கல்யாணம் பேசி முடிந்த கையோடு, கொட்டகலை பஸ் நிறுத்தத்தில் வைத்து அவர் என்னிடம் ஒரு பேச்சுப் பேசினார். வேறு யாராவது என்றால் எந்தப் படம் பிடிக்கும், எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டிருப்பார்கள். இவர் சொன்னது, "டீச்சர், ஒங்க சம்பளம் ஒங்களோடது. அதுல நான் கை வைக்க மாட்டேன். வீட்டுச் செலவு பாதிப் பாதி. சரிங்களா?" எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் பாடசாலையில் டீச்சர்மார் பலருடைய வங்கி அட்டை புருஷனின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பஸ்சுக்குக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள். அந்த டீச்சர்மார் நடுவில் நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

அப்படி ஏன் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. சம்பள நாளில் தோட்டத்து ஆபீசில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பீர்களாம். மாமா முன்னால் போய்க் கைநீட்டி வாங்குவாராம். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. மாமாவும் குடித்து அழித்தவர் இல்லை. ஆனால் உங்கள் தம்பி வீட்டுச் சாவுக்கு மஸ்கெலியாவுக்குப் போக, பஸ் காசுக்காக நீங்கள் மாமாவின் முன்னால் நின்றீர்களாமே? மழைக்கு நனைந்த கூடையைக்கூட முதுகிலிருந்து இறக்காமல் நின்றீர்களாம். அதைப் பார்த்த பிள்ளை அன்றைக்கே முடிவு செய்துவிட்டது, பெண்டாட்டி சம்பளத்தைத் தொடுவதில்லை என்று.

நல்ல முடிவுதானே? அப்படித்தான் நானும் நினைத்தேன். நீங்கள் இருந்தவரைக்கும் அது குறையில்லாமல் ஓடவும் செய்தது. அரிசி, மா, சீனி, பருப்பு, கரண்ட் பில் எல்லாவற்றையும் கூட்டி இரண்டாகப் பிரிப்போம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் என் பாதியை நான் வைப்பேன், அவர் பாதியை அவர் வைப்பார். நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து நடந்தோம்.

ஒன்று கேட்கட்டுமா, அத்தை? அந்தப் பாதிப் பாதியில் உங்கள் பங்கு எங்கே இருந்தது? உங்கள் பேத்தி கவி பிறந்ததிலிருந்து நீங்கள்தான் அவளைப் பார்த்தீர்கள். பகலைக்குச் சோறாக்கினீர்கள், மாமாவுக்கு வேளைக்கு மருந்து கொடுத்தீர்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் போஞ்சியும் கீரையும் போட்டதால் மரக்கறிக் கடைப் பக்கம் நாங்கள் அதிகம் போகவில்லை. மூன்று பேர் தூக்கிய சுமையை இரண்டாகப் பிரித்துவிட்டு, பார் எவ்வளவு நியாயம் என்று சொல்லிக்கொண்டோம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நீங்கள் போன பிறகு அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் காலையில் பஸ் ஏறினால் பிற்பகலில்தான் வருகிறேன். அதனால் உங்கள் மகன்தான் கவிக்குத் தலைசீவி முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். பிறகு வந்து சோறாக்கி மாமாவுக்குப் போட்டு, மறுபடி போய் அவளைக் கூட்டி வருகிறார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் இறுக்கமாகப் போடுவார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பகல் ரயிலில் வந்து இறங்குகிறவர்களும்தான் அவருக்கு நல்ல ஹயர் சவாரி. அவை இரண்டும் கைவிட்டுப் போயின. பெற்றோல் விலையும் சாமான் விலையும் போகிற போக்கை நான் உங்களுக்குச் சொல்லாமலிருப்பதே நல்லது. அவர் கைக்கு வருவது சுருங்கிக்கொண்டே வந்தது, அவர் வைக்க வேண்டிய பாதி வளர்ந்துகொண்டே போனது. அதிலிருந்து ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று நின்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் பங்கு குறையட்டும் என்று, பால்மா வாங்கினால் பழைய விலையைச் சொன்னேன். மீன் வாங்கினால், பாடசாலையில் கூட வேலை செய்கிறவர் கொடுத்தார் என்றேன். ஒருநாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார், "டீச்சர், பஜார்ல தெனமும் நிக்கிறவன் நான். எந்தக் கடையில என்னா வெலன்னு என்னயக் கேளு, சொல்றேன்." எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த நாள் அந்த மீன் காசில் பாதி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இதையெல்லாம் ரோஷம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கவி ஒரு நாள் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாள். பகலில் அவளைக் கூட்டி வரும்போது பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கித் தருவாராம், தான் வெறும் தேத்தண்ணி மட்டும் குடிப்பாராம். "அப்பாவுக்குப் பசிக்காதாம், அம்மா" என்றாள். மாமாவைக் கேட்டேன். வீட்டில் ஆக்குகிற சோற்றிலும் உங்கள் மகன் பகலில் கை வைப்பதில்லையாம். டவுனில் சாப்பிட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்வது, வீட்டில் சாப்பிடுகிறேன் என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வது. தன் பாதியைச் சரிக்கட்ட தன் வயிற்றில் குறைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையில் பாதி கோபம்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பேசினேன். வருகிற வருமானத்துக்கு ஏற்ற மாதிரிப் பிரிப்போம், எனக்குக் கூட வருகிறது, நான் கூட வைக்கிறேன், நீங்கள் குறைய வையுங்கள் என்றேன். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், "அப்ப இந்த வீட்டுல நான் அரைப்பேர் ஆளா?"

அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் நாள் முழுக்க நின்று பறித்தவளுக்கும் அரை நாள் சம்பளம் எழுதுவார்களே, அது. மடுவத்தில் நிறுத்துப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் அவர்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நான் சம்பளம் எடுக்கிற ஒவ்வொரு மாதமும் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்பீர்கள், "கார்டு ஓங்கிட்டத்தானே இருக்கு?" எவ்வளவு சம்பளம், என்ன வாங்கினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இது மட்டும்தான். இருக்கிறது என்று சொன்னால் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அப்படிக் கேட்ட உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தே, போன சம்பள நாளில் அந்தக் கார்டை வெற்றிலையோடு தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். "இனிமே நீங்களே எடுத்துட்டு வாங்க. வீட்டுக்கு நீங்களே பாருங்க" என்றேன். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குச் சம்பளத்தைக் கையில் வாங்குவதில் ஒரு மரியாதை இருக்கிறது, அந்த மரியாதையைக் கொடுத்தால் மனசு ஆறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னய எங்கப்பாவா ஆக்கப் பாக்கிறியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மாமா அடுத்த அறையில்தான் இருந்தார், லயத்து அறைக்குள் எதைப் பேசினாலும் மறு அறைக்குக் கேட்கும். மாமா வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். மறுநாள்தான் கொழும்பு வேலைப் பேச்சு வந்தது. பூண்டுலோயாவில் இருக்கும் உங்கள் அண்ணனுடைய மகன் கொழும்பில் வேலை செய்கிறானே, அவன் ஏற்பாடு.

அதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாடம் நடத்தும்போது பாதியில் நிற்கிறேன். கொப்பி திருத்தினால் ஒரே பிள்ளையின் கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர் அங்கே போய் உழைத்தால் அவருடைய பாதி சரியாகிவிடும். ஆனால் கவியை யார் கூட்டி வருவது, மாமாவுக்கு யார் சோறு போடுவது? அதற்கு ஆள் வைத்தால் என் சம்பளத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவருக்கு என் சம்பளத்தைக் கொடுக்கலாமாம், அதே வேலையைச் செய்கிற அவர் அதில் ஒரு பிடி சோறு சாப்பிடக்கூடாதாம். இது என்ன நியாயம்?

இன்றைக்குக் காலையில் இதைக் கேட்டேவிட்டேன். சனிக்கிழமை, எனக்கு லீவு. கவி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் பையில் துவாயை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தத் துவாயை அவர் அவ்வளவு நிதானமாக மடித்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்கப்பா அத்தைய ஒரு வார்த்த கேக்காம அவங்க சம்பளத்த வாங்குனாரு" என்றேன். "நீங்க என்னய ஒரு வார்த்த கேக்காம என் சம்பளத்த வேணாங்கிறீங்க. வாங்குனதும் ஆம்பளைங்க நீங்களே, வேணான்னதும் நீங்களே. எங்கள எங்க கேட்டீங்க?"

"நான் ஒனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"கேட்டுச் செஞ்சீங்களா?"

அடுத்த அறையில் மாமா இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயசான மனிதரை வைத்துக்கொண்டு என்ன பேச்சுப் பேசிவிட்டேன்! மாமா எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை, தெரியுமா? சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

"அது சொல்றது சரிதாண்டா" என்றார். "நான் கேக்கல. ஒரு நாளும் கேக்கல." பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு உங்கள் கீரைப் பாத்திப் பக்கம் போய்விட்டார். அங்கே இப்போது புல்தான் இருக்கிறது. அதைப் பிடுங்குகிற மாதிரிக் குனிந்துகொண்டு வெகுநேரம் நின்றார். எனக்குப் போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

உங்கள் மகன் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் வெளியே இறங்கிப் போவார் என்று நினைத்தேன். அவர் கேட்டார், "சரி. இப்ப கேக்கிறேன். ஒனக்கு என்னா வேணும், சொல்லு."

அத்தை, என் வாய்க்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஒங்க இஷ்டம்." பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, முழு வசனத்தில் பதில் சொல்லு என்று அதட்டுகிறவள் நான். என்னை ஒருவர் கேட்டதும் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றேன். "சாயந்தரம் சொல்றேன்" என்றேன்.

"சொல்லு. கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார். கவியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவைக் கழுவப் போனார். நாளைக்கு வேறு ஆள் கைக்குப் போகிற ஆட்டோவைக் கழுவப் போகிறாரா, இல்லை இனியும் தானே ஓட்டப் போகிற ஆட்டோவையா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திவசத்துக்கு என்று சொல்லிக்கொண்டு, எனக்கு என்ன வேண்டும் என்பதை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் எழுந்து இரண்டு தரம் அடுப்பைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான் போலிருக்கிறது. அவர் பகலில் சோறு சாப்பிட வேண்டும். என் காசா, அவர் காசா என்று பார்க்காமல் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். நான் விடிகாலையில் எழுந்து குளிரில் பஸ்சுக்கு நின்று, நாற்பது பிள்ளைகளோடு கத்தி உழைக்கிற சம்பளம், நான் ஆசை வைத்த மனிதருக்குச் சோறு போட்டது என்ற சந்தோஷம் எனக்கு வேண்டாமா? கொடுப்பதில் இருக்கிற பெருமையெல்லாம் ஆம்பளைகளுக்கு மட்டும் எழுதி வைத்ததா?

இரண்டு பேருடைய காசும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். யாருடையது கூட, யாருடையது குறைய என்று பிரிக்க வேண்டாம். எடுக்கும்போது அவர் என்னிடம் சொல்லட்டும், நான் அவரிடம் சொல்கிறேன். ஆளுக்குக் கொஞ்சம், யாரையும் கேட்காமல் செலவழிக்கவும் இருக்கட்டும். அவர் கவிக்குத் தலைசீவுவதையும் மாமாவுக்குச் சோறு போடுவதையும் சும்மா இருந்தபடி செய்கிற வேலையாக அவரே நினைப்பதை விட வேண்டும். நீங்கள் செய்தபோது அது வேலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதைக் கேட்டு அவர் மனம் மாறுவாரா? தெரியாது. ஒரே இடத்தில் காசை வைத்து அதுவும் சண்டையில் முடியலாம். அவருடைய ரோஷம் ஒரு சாயந்தரத்தில் இறங்குகிற ரோஷம் இல்லை, உங்களுக்குத் தெரியாததா? நாளைக்குக் காலை அவர் பஸ்சில் ஏறிவிட்டால் கவியிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், அத்தை. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். உங்களுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு வேண்டும் என்று தெரியும், முழங்கால் எப்போது நோகும் என்று தெரியும். மாமா உங்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்த நாட்களில் உங்கள் மனசு என்ன பாடுபட்டது என்று தெரியாது. உங்கள் கையில் அந்தக் காசை அப்படியே கொடுத்திருந்தால் முதலில் என்ன வாங்கியிருப்பீர்கள்? ஒரு சேலையா, ஒரு பஸ் டிக்கட்டா, உங்கள் பிள்ளைக்கு ஏதாவதா? நானும் கேட்கவில்லையே.

ஆட்டோ வளைவில் ஏறுகிற சத்தம் கேட்கிறது. கவி ஏதோ பாடிக்கொண்டு வருகிறாள். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். அவர் வந்து கேட்டால் சொல்வேன், கேட்காமல் பேச்சை மாற்றினால் நானே நிறுத்திச் சொல்வேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை முழு வசனத்தில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரியாமலேயே உங்களை அனுப்பிவைத்துவிட்டோம். அப்படி நான் போக மாட்டேன்.

உங்களைக் கேட்காமலே விட்டவர்களில் ஒருத்தி,
உங்கள் மருமகள்
கலைச்செல்வி